சாத்தனூரா, செஞ்சியா, இல்லை வேற எங்கேயாவதா?

திருவண்ணாமலைக்காரர்களிடம் வெளியூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள் மொத்தமே மூன்றுதான். ஒன்று, பௌர்ணமி எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது? இரண்டு, கிரிவலத்தை எங்கே தொடங்கணும்? மூன்றாவது கேள்வி, 14 கிலோமீட்டர் சுற்றி முடித்து, தரிசனமும் ஆகி, கால் வலி கொஞ்சம் இறங்கின பிறகு வரும். "இன்னும் ஒரு நாள் கையில இருக்கு. பக்கத்துல பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கா?"

முதல் இரண்டுக்கும் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூட சரியாகப் பதில் சொல்லும். மூன்றாவதுக்கு மட்டும் எல்லோரிடமும் ஒரே மனப்பாடப் பதில்: "சாத்தனூர் டேம் இருக்கு, செஞ்சிக் கோட்டை இருக்கு." கேட்டவர் காரில் வந்தாரா பஸ்ஸில் வந்தாரா, கூட எழுபது வயது அம்மா இருக்கிறாரா, அன்றைக்கு என்ன கிழமை, எதையும் நாம் திருப்பிக் கேட்பதில்லை. ஆட்டோக்காரர், லாட்ஜ் ரிசப்ஷன், டீக்கடை அண்ணன், நான், நீங்கள், எல்லோரும் இதே கதைதான்.

இந்த மனப்பாடத்தைக் கொஞ்சம் கலைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இது பயணக் கையேடு கிடையாது. என் சொந்த அபிப்பிராயம். ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகச் சண்டை போடலாம் :-)

முதலில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. முன்பெல்லாம் சென்னை, வேலூர், விழுப்புரம் பக்கத்துக் கூட்டம்தான். சில வருடங்களாக ஆந்திரா, தெலுங்கானாவிலிருந்து வருகிறவர்கள் மிக அதிகம், கடை போர்டுகளே தெலுங்கில் மாறிவிட்டன. 2024 மே மாதம் சென்னை பீச்சிலிருந்து வேலூர் வரை வந்துகொண்டிருந்த ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள், டிக்கெட் 50 ரூபாய். அதன்பிறகு சனி ஞாயிறும் குட்டி பௌர்ணமிதான். அதாவது வருகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் வந்த கூட்டம் முழுவதும் ஒரு கோவில், ஒரு சாலை, நான்கு மாட வீதி, இதற்குள்ளேயே நெருக்கியடித்துவிட்டுத் திரும்பிப் போகிறது. அந்த மூன்றாவது கேள்விக்கு நாம் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் அதில் ஒரு பகுதியாவது சுற்றியுள்ள ஊர்களுக்குப் போயிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் பி.காம் மூன்றாம் வருடம். எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்த ஒரு சமாச்சாரம் ஆப்பர்சூனிட்டி காஸ்ட். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோமோ அதுதான் உண்மையான விலை. ஒரு நாள் பயணத்தில் பணத்தை விட நேரம்தான் விலை. இதை வைத்து, ஊரில் சிலர் "ஒரே நாளில் மூன்று இடம்" என்று கார் பேசி விடுகிறார்களே, அதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சாத்தனூர் ஊருக்கு மேற்கே சுமார் 30 கி.மீ. செஞ்சி கிழக்கே சுமார் 40. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர், போளூர் வழியாகப் போய் மலை ஏறினால் சுமார் 75. மூன்றும் மூன்று திசை. ஒவ்வொன்றுக்கும் போய்வந்தால் 60, 80, 150, ஆக மொத்தம் 290 கி.மீ. நம்ம ரோட்டில், ஊருக்குள் நெரிசல், மலைப்பாதை வளைவு எல்லாம் சேர்த்து சராசரி மணிக்கு 40 கி.மீ. என்று வைத்தால் ஏழேகால் மணி நேரம் காருக்குள்ளேயே போய்விடும். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை 12 மணி நேரம். சாப்பாடு, டீ, இத்யாதிக்கு ஒன்றரை மணி. மிச்சம் மூன்றேகால் மணி, மூன்று இடத்துக்கு. ஒரு இடத்துக்கு ஒரு மணி நேரம் சொச்சம். செஞ்சியில் ராஜகிரி உச்சிக்கு ஏறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆக நீங்கள் காசு கொடுத்து வாங்குவது செஞ்சியை அல்ல, செஞ்சியின் பார்க்கிங்கை.

எனவே என் முதல் விதி: ஒரு நாளுக்கு ஒரு இடம். ரோட்டில் இருக்கும் நேரத்தை விட இடத்தில் இருக்கும் நேரம் அதிகமாக இருக்கணும். இந்த ஒரு கணக்கிலேயே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கில் செஞ்சி சுலபமாகத் தேறுகிறது. திண்டிவனம், பாண்டி, சென்னை போகிற பஸ் எல்லாம் அந்த வழிதான், காத்திருக்கவே வேண்டாம். ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ரோடே இரண்டு மலைக்கு நடுவில்தான் போகிறது. நம் ஊரிலிருந்து போகும்போது செஞ்சி டவுனுக்குக் கொஞ்சம் முன்னாலேயே கோட்டை வந்துவிடும். எக்ஸ்பிரஸ் வண்டி அங்கே நிறுத்த மாட்டேன் என்றால் டவுனில் இறங்கி ஆட்டோவில் திரும்பி வரணும், அவ்வளவுதான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சியும் சேர்ந்தது. மராட்டியர் ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளைச் சேர்த்தார்கள். அதில் 11 மகாராஷ்டிராவில். பன்னிரண்டாவது நம்ம பக்கத்து ஊர். "செஞ்சிக்கும் மராட்டியருக்கும் என்ன சம்பந்தம்?" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். சம்பந்தம் ரொம்பவே உண்டு. 1677இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம், ஔரங்கசீப்பின் படைக்குத் தப்பி இங்கே வந்து தங்கினார். முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டுத்தான் கோட்டையை எடுக்க முடிந்தது. அந்த வருடங்களில் மராட்டிய ராஜ்யத்தின் தலைநகரம் என்றே செஞ்சியைச் சொல்லலாம். ராஜாராம் முற்றுகையிலிருந்து தப்பிப் போனது தனிக் கதை. நாம் தெருக்கூத்திலும் பாட்டிலும் கேட்ட தேசிங்கு ராஜா இதற்குப் பிறகுதான் வருகிறார். 1714இல் ஆற்காட்டு நவாபோடு சண்டை போட்டுச் செத்தார், அப்போது அவருக்கு இருபதைச் சுற்றித்தான் வயது. அதாவது நம்ம வயசு. அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் 1750இல், இங்கிலீஷ்காரர்கள் 1761இல்.

இங்கே என் அபிப்பிராயம் கொஞ்சம் வித்தியாசமானது. எல்லோரும் ராஜகிரிதான் ஏறுகிறார்கள். உயரம் சுமார் 800 அடி, உச்சிக்குக் கிட்டே ஒரு பெரிய பிளவு, அதன்மேல் சின்னப் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் மேலே போக முடியாது. பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கூட யாருக்காவது மூட்டுவலி இருந்தாலோ, வெயில் ஏறின பிறகு போய்ச் சேர்ந்தாலோ, பேசாமல் ரோட்டுக்கு வடக்கே இருக்கும் கிருஷ்ணகிரிக்குப் போங்கள். படி குறைவு, கூட்டமும் குறைவு. மேலே தானியக் களஞ்சியங்கள், ஒரு ரங்கநாதர் கோவில், குவிமாடம் வைத்த மண்டபம் எல்லாம் இருக்கின்றன. அங்கிருந்து எதிரே ராஜகிரியை முழுசாகப் பார்க்கலாம். ராஜகிரி மேலேயே நின்றுகொண்டு ராஜகிரியைப் பார்க்க முடியாதில்லையா? ஏறவே முடியாதவர்கள் கீழே கல்யாண மகால், யானைக்குளம், வெங்கடரமணர் கோவில், சாதத்துல்லா கான் மசூதி என்று நிழலாகப் பார்த்து ஒரு முழு மதியத்தைக் கழிக்கலாம். தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள், தின்பண்டத்தைப் பையை விட்டு வெளியே எடுக்காதீர்கள். குரங்குகள் நம்மை விட நன்றாகக் கணக்குப் படித்தவை.

நேரம் மிச்சமிருந்தால் இன்னொரு கோட்டைச் சுவரைத் தேடாமல், செஞ்சிக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருநாதர்குன்றுக்குப் போய் வாருங்கள். ஒரே ஒரு பெரிய பாறை. அதில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டு பேராகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு பழைய கல்வெட்டு. 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவிடம் என்று சொல்கிறது. பிராமி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்துக் கல்வெட்டு என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். வாட்ஸப்பில் "தமிழின் தொன்மை" ஃபார்வர்டு அனுப்புகிற நண்பர்கள் ஒரு தடவையாவது நேரில் போய்ப் பார்க்கலாம்.

சாத்தனூருக்கு வருவோம். நான் சாத்தனூருக்கு எதிரி அல்ல. சின்ன வயதில் ஸ்கூல் டூர் என்றாலே அதுதான். அணை, பூங்கா, முதலைப் பண்ணை, வெளியே சுடச்சுட மீன் வறுவல். அந்த மீன் வறுவலுக்காகவே போகலாம், மறுக்க மாட்டேன். 1958இல் கட்டி முடித்த அணை. நந்தி மலையில் பிறந்து கிருஷ்ணகிரி வழியாக வரும் தென்பெண்ணை இங்கேதான் தேங்குகிறது. குழந்தைகளோடு வருகிற குடும்பத்துக்கு நல்ல இடம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பண்டிகைக்கு மறுநாள் சுத்தமாகப் போகாதீர்கள். காணும் பொங்கல் அன்று அங்கே போய் என்ன கண்டீர்கள் என்று கேட்டால், முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொன்று, தண்ணீர் இல்லாத கோடையில் அணையைப் பார்ப்பது காலியான கல்யாண மண்டபத்தைப் பார்ப்பது மாதிரி.

அணை என்றால் பூங்கா என்று நினைத்துக்கொண்டிருந்த எங்கள் தலைமுறைக்கு 2024 டிசம்பர் 2 வேறு பாடம் எடுத்தது. ஃபெஞ்சல் புயல் மழையில் அன்று அதிகாலை விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஊர் ஊராக வெள்ளம். அகரம்பள்ளிப்பட்டு அருகே திறந்து சில மாதங்களே ஆன பாலம் அடித்துக்கொண்டு போனது. அதற்கு முந்தின நாள், டிசம்பர் 1, எங்கள் ஊர் மலையிலேயே மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள், ஐந்து பேர் குழந்தைகள். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், மழை மாதத்தில் வந்துவிட்டு "மலை மேல ஏறலாமா, அருவி எங்க இருக்கு, ஆத்துல குளிக்கலாமா" என்று கேட்கிறவர்களுக்கு நாம் இன்னும் சிரித்துக்கொண்டே வழி சொல்கிறோம். ஐப்பசி கார்த்திகையில் மலையும் தண்ணீரும் வேண்டாம். கோட்டை, கோவில் என்று போங்கள்.

பருவதமலைக்கும் இதேதான். சுமார் 4,500 அடி உயரத்தில் மல்லிகார்ஜுனர் கோவில், கடப்பாறையைப் பாறையில் அடித்து வைத்து, சங்கிலியைப் பிடித்து ஏறும் பாதை. நல்ல வானிலையில், நல்ல காலோடு, விடியற்காலையில் ஆரம்பித்தால் ஒரு நாள் பயணம். மழையில் அது பயணமே இல்லை.

இப்போது என் கட்சி. ஒரு நாளுக்கு ஒரே ஒரு இடம் சொல்லு என்றால் நான் சொல்வது திருக்கோவிலூர். யாரும் சொல்லாத பெயர். சொன்னாலும் "அங்க என்ன இருக்கு?" என்பார்கள்.

அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். விழுப்புரம் போகும் ரயிலில் ஏறினால் மாடும் வயலும் பாறையும் பார்த்துக்கொண்டே போய் இறங்கலாம். இறங்குகிற இடம் தென்பெண்ணைக்கு இந்தக் கரையில் அரகண்டநல்லூர். பழைய பெயர் அறையணிநல்லூர். பாறை மேல் சிவன் கோவில். ஞானசம்பந்தர் அங்கே நின்றுதான் அண்ணாமலையைப் பார்த்தார் என்பது ஐதீகம்.

இன்னொருவரும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார். 1896இல், பதினாறு வயதில், மதுரையிலிருந்து வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பிய வேங்கடராமன். விழுப்புரம் வரை ரயிலில் வந்தார். அங்கிருந்து மிச்ச சில்லறையில் மாம்பழப்பட்டு வரை ரயில், அதற்கு மேல் நடை. அறையணிநல்லூர் கோவிலுக்கு வந்தார், அங்கிருந்து கீழூர் போனார். கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். காதில் இருந்த கடுக்கனை அவரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கி, மறுநாள் ரயிலேறி செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு 1950இல் மறையும் வரை இந்த ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை. அவர்தான் ரமண மகரிஷி. ரமணாசிரமத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அவர் வந்த அந்தக் கடைசி 35 கிலோமீட்டரை எதிர்த்திசையில் போய்ப் பார்க்கலாம் என்று அவர்களிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? சாத்தனூர் முதலையைத்தானே காட்டினோம்!

ஆற்றைத் தாண்டினால் திருக்கோவிலூர். உலகளந்த பெருமாள் கோவில், முதலாழ்வார்கள் மூவரும் ஒரு மழை இரவில் இடைகழியில் சந்தித்ததாகச் சொல்லும் ஊர். கீழையூரில் வீரட்டானேசுவரர், அட்ட வீரட்டங்களில் ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் தனியாக ஒரு பாறை, பாறை மேல் குட்டிக் கோவில். அதைக் கபிலர் குன்று என்கிறார்கள். பாரி இறந்த பிறகு அவன் பெண்களை ஒரு நல்ல இடத்தில் சேர்த்துவிட்டுக் கபிலர் உயிர்விட்ட இடம். பத்தாம் வகுப்புத் தமிழோடு மறந்துபோன ஆசாமி திடீரென்று நம்ம பக்கத்து ஆற்றில் உட்கார்ந்திருக்கிறார். கதை என்று ஒதுக்கவும் முடியாது. வீரட்டானேசுவரர் கோவிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டே, கபிலர் பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுத் தீயில் இறங்கியதைச் சொல்கிறது. அந்த ராஜராஜனின் அம்மா வானவன்மாதேவியும் இந்த மலையமான் குடும்பத்துப் பெண்தான். பொன்னியின் செல்வன் படத்தை மூன்று தடவை பார்த்தவர்கள் இங்கே ஒரு தடவை வரலாம்.

ஒரே எச்சரிக்கை: மத்தியானம் கோவில் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். பதினோரு மணிக்கு மேல் கிளம்பிப் போய், பூட்டின கதவைப் பார்த்துவிட்டு "ஊரே போர்" என்று சொல்லக்கூடாது. ரயில்கள் குறைவு, போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஜவ்வாது மலையைப் பற்றி எனக்கு இருக்கும் கருத்து பலருக்குப் பிடிக்காது. அதை ஒரு நாள் பயணமாகப் போகாதீர்கள். ஜமுனாமரத்தூர் போகவே இரண்டரை மணி நேரம், வரவும் அவ்வளவு. பீமன் அருவியில் ஒரு குளியல், படகுத்துறையில் ஒரு செல்ஃபி, மலைக்காற்றில் ஒரு பிரியாணிப் பொட்டலம், பொட்டலத்தின் கவரை அங்கேயே போட்டுவிட்டு ஐந்து மணிக்கு இறக்கம். மலை மேல் இருக்கிறவர்களுக்கு இதில் என்ன மிஞ்சியது? பிரியாணி கீழே வாங்கியது, டீசல் கீழே போட்டது, கார் கீழே பேசியது. மிஞ்சியது கவர் மட்டும்.

இதைக் கோபமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி, திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டது. அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவார ஊர்களையும் சேர்ந்த கூலிக்காரர்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. வேலை இல்லாததால் போனார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. மாதா மாதம் லட்சக்கணக்கில் ஆள் வந்து போகிற ஊரிலிருந்து 75 கிலோமீட்டர் தள்ளி, வேலை இல்லாமல் ஆட்கள் வேறு மாநிலக் காட்டுக்குப் போனார்கள். சுற்றுலா வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை, அவ்வளவு அப்பாவி இல்லை. ஆனால் ஒரு ராத்திரி அங்கே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, சாமை, தேன், புளி, பருவத்தில் சீத்தாப்பழமோ பலாவோ அங்கே விளைவித்தவர்களிடமே பேரம் பேசாமல் வாங்கினால் அந்தக் காசு மலையில் நிற்கும். தங்கினால் இன்னொரு லாபம், மறுநாள் காவலூருக்குப் போகலாம். வைணு பாப்பு வானாய்வகம், 1986இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதற்கும் முன்னால் 1977இல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பதைக் கண்டுபிடித்த இடங்களில் காவலூரும் ஒன்று. பொதுமக்களை என்றைக்கு அனுமதிக்கிறார்கள் என்று முன்னாலேயே விசாரித்துக்கொண்டு போங்கள்.

போளூர் தாண்டி, வடமாதிமங்கலத்துக்குப் பக்கத்தில் திருமலை என்று ஒரு ஊர். திருப்பதித் திருமலை அல்ல, இது சமணர் திருமலை. பாறையில் செதுக்கிய நேமிநாதர் சிலை, தமிழ்நாட்டில் இருக்கும் மிக உயரமான சமணச் சிலை என்கிறார்கள். குகைக்குள் பழைய ஓவியங்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. ஒரு கோவிலுக்குக் குந்தவை ஜினாலயம் என்றே பெயர். ராஜேந்திர சோழன் கங்கை வரை படை அனுப்பியதைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டும் இங்கே பாறையில்தான் இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், நம்ம மாவட்டத்தில் இன்னும் தமிழ்ச் சமணர்கள், நயினார்கள், ஊர் ஊராக வாழ்கிறார்கள். நம் வகுப்பிலேயே இருக்கலாம். சமணம் என்றால் பாடப்புத்தகத்தில் எப்போதோ செத்துப்போன ஒன்று என்று படித்துவிட்டு, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். அமைதியான இடம், கூட்டமே இருக்காது. சாப்பாட்டுக் கடையை நம்பிப் போகாதீர்கள், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள்.

இதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு. இனி எங்களுக்கு, அதாவது இதைப் படிக்கும் என் வகுப்புத் தோழிகளுக்கு.

நமக்கு இடத்தைத் தேர்ந்தெடுப்பது அழகோ வரலாறோ கிடையாது. "எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவ?" என்ற கேள்விதான். ஆறு மணி என்று சொல்ல முடிந்தால் பயணம் உண்டு, எட்டு மணி என்றால் இல்லை. பையன்கள் நள்ளிரவில் பைக் எடுத்துக்கொண்டு ஏலகிரி போய்ச் சூரிய உதயம் பார்த்துவிட்டு ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். நம்மில் பலர் மூன்று வருடமாக இந்த ஊரில் படித்துக்கொண்டு செஞ்சியைக்கூடப் பார்த்ததில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் வீட்டில் காசு கேட்க வேண்டியதில்லை என்றால் "எதுக்குக் காசு?" என்ற விசாரணையும் இல்லை. அதில் வெளியூர்ப் பஸ் சேராது, அதனால் எந்த ஊர் வரை டவுன் பஸ் போகிறது, எங்கே மாறணும் என்று பார்த்துப் போனால் செலவு பாதியாகக் குறையும். டைம் டேபிளைக் கீழிருந்து மேலே படியுங்கள். கடைசி பஸ் எது, அதற்கு முந்தினது எது என்று முதலில் பாருங்கள். முந்தின பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி திட்டம் போட்டால், அது வராமல் போனாலும் கடைசி பஸ் இருக்கும். கடைசி பஸ்ஸையே நம்பித் திட்டம் போட்டால் அப்புறம் வீட்டில் அடுத்த பயணமே கிடையாது.

"கோவிலுக்கு வந்தா நேரா வீட்டுக்குத்தான் போகணும், வேற எங்கயும் போகக்கூடாது" என்று சொல்கிற பெரியவர்கள் உண்டு. எங்கள் ஆயாவும் சொல்வார். அவரிடமே கேட்டேன், "ஆயா, நீ அந்தக் காலத்துல தீபத்துக்கு எப்படி வந்த?" மாட்டு வண்டியில், வழியில் இரண்டு ஊர்த் திருவிழாவில் இறங்கி, ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, நான்காம் நாள் வந்தாராம். இதற்குப் பெயர் என்ன என்று கேட்டால் முறைக்கிறார்.

கடைசியாக நம்ம வகுப்பு டூர் விஷயம். மூன்றாம் வருடம், கடைசி டூர். ஒரு கோஷ்டி ஏற்காடு என்கிறது, ஒரு கோஷ்டி பாண்டி என்கிறது. இரண்டும் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி ராத்திரி பதினோரு மணிக்கு வருகிற கதை. போன வருட சீனியர்களுக்கும் அப்படித்தான் போட்டார்கள், பெண்களில் பாதிப் பேர் போகவில்லை. பிறகு குரூப் போட்டோவைப் பார்த்து "ஏன்டி வரல?" என்று கேட்டார்களாம். செஞ்சி காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்துக்கு ஊரில் இருக்கலாம். திருக்கோவிலூரும் அப்படியே, ஆனால் ஏழு மணிக்கே கிளம்பணும். பஸ் வாடகையும் பாதிதான் வரும், மிச்சக் காசில் எல்லோருக்கும் நல்ல சாப்பாடு போடலாம். திங்கட்கிழமை மத்தியானம் கடைசி பீரியடில் கை தூக்கச் சொல்லப் போகிறார்கள். திருக்கோவிலூருக்கு இதுவரை மூன்று ஓட்டு. செஞ்சி என்றாலும் எனக்குச் சம்மதம், ராஜகிரியா கிருஷ்ணகிரியா என்று அங்கே போய்ச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.